நெய்யூர் வழி (7): எந்த மொழியில் பிணியைச் சொல்வது?

கடியப்பட்டணம் கரையில் நின்றால் ஒரு பக்கம் வள்ளியாறு கடலில் கலக்கும் பொழிமுகம், மறுபக்கம் முட்டத்துப் பாறைகள். இங்கே பிறந்த பிள்ளைக்கு ஏழெட்டு வயதுக்குள் இந்தக் கடலின் குணம் தெரிந்துவிடும். எந்த மாதம் அலை எப்படி வரும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பாறைக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்படுவதில்லை. அப்பன் வலை இழுக்கும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது அது.

1854 ஆகஸ்டில் முட்டத்துக் கடலில் குளிக்க இறங்கிய ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அந்தப் படிப்பு இல்லை.

அவர் சார்ல்ஸ் லீச். லண்டன் மிஷன் சங்கம் நெய்யூருக்கு அனுப்பிய இரண்டாவது வைத்தியர். போன வாரம் அவரை அலைக்குள் விட்டுவிட்டு வந்தோம். புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வரி: 1828-இல் சார்ல்ஸ் மீட் மண்டைக்காட்டை விட்டு நெய்யூருக்குக் குடிவந்தார். 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்து மருந்துப் பெட்டியைத் திறந்தார். அவர் நாலைந்து வருஷத்தில் போய்விட்டார். நெடிய இடைவெளிக்குப் பிறகு வந்த லீச் கடலோடு போனார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நெய்யூருக்கு வைத்தியர் இல்லை.

* * *

அந்த ஏழு வருஷத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். கடியப்பட்டணத்திலிருந்து நெய்யூர் ஆறேழு மைல். தாங்கிக்கொண்டு போனாலும் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். ஆனால் போன இடத்தில் ஆள் இல்லை. கட்டடம் இருக்கலாம், குப்பிகள் இருக்கலாம். அறிவு ஒரே ஒரு மண்டைக்குள் இருந்தது. அந்த மண்டை முட்டத்துக் கடலுக்குள் போய்விட்டது.

நம் ஊருக்கு இது புதிய அனுபவமில்லை. வர்மம் தெரிந்த ஆசான்கள் நிறைந்த நிலம் இது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்குச் சொல்வார்கள். ஆசான் சீடனை வருஷக்கணக்கில் கூட வைத்திருப்பார். விறகு பிளக்க வைப்பார், தைலம் காய்ச்ச வைப்பார், அடிமுறை பழக்குவார். குணம் பிடித்துப்போனால்தான் வர்ம அடியிலிருந்து மீட்கும் இளக்குமுறையைச் சொல்லித் தருவார். பிடிக்காவிட்டால் சுவடியும் அவரும் ஒன்றாகப் போய்விடுவார்கள். உயிரை எடுக்கும் இடத்தைத் தெரிந்தவன் கெட்டவனாக இருந்துவிடக்கூடாது என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறையில் வைத்தியம் பெருகாது. ஒருவர் போனால் ஒரு கிராமமே கைவிடப்படும்.

சீமையிலிருந்து வந்த வைத்தியமும் நெய்யூரில் அதே நிலையில்தான் நின்றது என்பதுதான் வேடிக்கை. ராம்சே ஒரு ஆசான், லீச் ஒரு ஆசான். சீடன் இல்லாத ஆசான்கள்.

1861-இல் ஜான் லோ வந்து இறங்கினார்.

* * *

அவர் வந்த நேரம் நல்ல நேரமில்லை. தென் திருவிதாங்கூரில் பஞ்சமும் காலராவும் சேர்ந்து அடித்துவிட்டுப் போயிருந்தன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக மூண்ட தோள்சீலைக் கலகம் ஓய்ந்து, 1859-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் உத்தரவு வந்து இரண்டே வருஷம். ஊர்களுக்குள் இன்னும் ஆறாத புண் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் ஆட்சி, மாதவராவ் திவான். தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரி 1865-இல்தான் திறக்கப் போகிறது. அகஸ்தீசுவரத்துக்காரனுக்கோ குளச்சல்காரனுக்கோ அது எட்டாத தூரம்.

லோ சீக்கிரமே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். வாசலில் கூட்டம் வருகிறது. வர முடியாதவர்கள் அதைவிட அதிகம். ஊர் ஊராகக் கிளை வைத்தியசாலை வைத்தால்தான் வேலை நடக்கும். கிளைக்கு ஆள்? இன்னொரு லோவை எடின்பரோவிலிருந்து கப்பலேற்றி அனுப்ப யாரிடம் பணம் இருக்கிறது? அனுப்பினாலும் முட்டம் கடல் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே 1860-களின் நடுவில் அவர் நெய்யூரில் ஒரு வைத்திய வகுப்பைத் தொடங்கினார். உள்ளூர்ப் பையன்களைத் தேர்ந்தெடுத்து, பாடம் சொல்லி, நோயாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கி, கிளைகளுக்கு அனுப்புவது. கேட்க எளிதாக இருக்கிறது. செய்ய உட்கார்ந்தால் முதல் நாளே மூன்று கேள்வி வழி மறிக்கும்.

இந்தப் பையனை எதுவாக ஆக்கப் போகிறோம்? வைத்தியனாகவா, கட்டுப்போடும் டிரெசராகவா?

எவ்வளவு காலம்? ஐந்து வருஷம் படிக்க வைத்தால் தேறுவான். அதுவரை கிளை பூட்டிக் கிடக்கும். ஒரு வருஷத்தில் அனுப்பினால் ஆளைக் கொல்வான்.

எந்த மொழியில்?

பாடத்திட்டம் என்றால் பாடங்களின் பட்டியல் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கம், மருந்து, ரணம், பிரசவம் என்று வரிசையாக எழுதிவிடலாம். அது ஒரு மத்தியான வேலை. படித்து முடித்த மறுநாள் காலையில் அந்தப் பையன் எங்கே, யார் முன்னால் நிற்பான் என்று தெரிந்தால்தான் பட்டியலில் எதைப் பெரிதாக்க வேண்டும், எதைச் சிறிதாக்க வேண்டும் என்று தெரியும். லோவின் மாணவன் தனியாக நிற்பான். பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. பாதி படித்தவன் படிக்காதவனைவிட ஆபத்தானவன் என்ற கவலை அந்தத் தலைமுறை மிஷன் வைத்தியர்கள் பலருக்கும் இருந்தது. லோ 1868-இல் நெய்யூரை விட்டுப் போனபின் எடின்பரோவில் மிஷன் வைத்தியர்களைப் பயிற்றும் நிறுவனத்துக்கே பொறுப்பேற்றார். உலகம் முழுவதற்கும் வைத்தியர்களைத் தயாரிக்கப் போனவர், முதல் வகுப்பை நடத்திப் பார்த்தது நம் நெய்யூரில்.

மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் விழுங்கக்கூடியது. அதற்கான விடையைத் தேட நாம் கடலைத் தாண்ட வேண்டும்.

* * *

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822-இல் அமெரிக்காவின் வூஸ்டரில் பிறந்தவர். நியூயார்க்கில் வைத்தியம் படித்து, 1847-இல் அமெரிக்க மிஷன் சார்பில் இலங்கைக்கு வந்தார். அடுத்த வருஷமே மானிப்பாயில் ஒரு வைத்திய வகுப்பைத் தொடங்கிவிட்டார். மூன்றே மாணவர்கள். ஆங்கிலத்தில்தான் பாடம், வேறு எப்படிச் சொல்வது? வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்த பையன்கள் கிடைத்தார்கள், நல்ல அறிவாளிகள்.

அவர்களுடைய பெயர்களைப் பார்த்து வெளியூர் வாசகர்கள் குழம்புவார்கள். டான்போர்த் என்பார்கள், சாப்மன் என்பார்கள். எல்லாம் நம் யாழ்ப்பாணத் தமிழர்களே. மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கத் தருமவான் எவரோ அவர் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டிவிடுவார்கள். பெயரே இடமாற்றம் ஆன பிள்ளைகள்.

ஆளும் இடமாற்றம் ஆகிவிடுவார்கள் என்பதைக் கிறீன் பிறகுதான் கண்டார்.

ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம். தெற்கே சம்பளம் நன்றாக இருந்தது. மானிப்பாயில் நின்று, வேலணையிலோ பருத்தித்துறையிலோ கூரைவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காய்ச்சல் பார்க்க அவன் எதற்கு நிற்க வேண்டும்? கோட்டும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். கிறீனுக்கு அந்தக் கோட்டே பிடிக்கவில்லை. தன் மாணவன் உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் தமிழனாகவே இருக்க வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அமெரிக்கர் இப்படிப் பிடிவாதம் பிடித்ததை அந்தப் பையன்களின் அப்பன்மார் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கஷ்டப்பட்டு ஆங்கிலம் படிக்க வைத்த பிள்ளையை வேட்டியோடு ஊரிலேயே இரு என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார்!

இதற்கிடையில் மிஷனுக்குள்ளேயே காற்று திசை மாறியது. அமெரிக்காவில் தலைமையிடத்துச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், மிஷன் பணம் ஆங்கிலக் கல்விக்குப் போவதை விரும்பாதவர். அவர் 1855-இல் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனதன் விளைவாக வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. வகுப்புக்கு ஆங்கிலம் தெரிந்த பையன்கள் வந்துகொண்டிருந்த ஊற்று அது.

1857-இல் கிறீன் ஊருக்குப் போனார். 1862-இல் மனைவியோடு திரும்பி வந்தபோது அவர் மனதில் முடிவு உறுதியாக இருந்தது.

* * *

இனி எல்லாம் தமிழில்.

1864 வாக்கில் அந்த வகுப்பு ஆரம்பமானது. நெய்யூரில் லோ தன் பையன்களைக் கூட்டிய அதே காலம். இரண்டு கரையிலும் ஒரே கவலை.

கிறீன் எடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது கல்கத்தாவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் புரியும். அங்கே 1822-இல் கம்பெனி அரசு சுதேச வைத்திய நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. உள்நாட்டு மொழியில் பாடம். ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் மூன்றும் ஒரே கூரைக்குள். 1835-இல் பெண்டிங்க் பிரபு அதை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் சொல்லித்தரும் கல்கத்தா மெடிக்கல் காலேஜைத் திறந்தார். அதே வருஷம் சென்னையிலும் வைத்தியப் பள்ளி வந்தது. ஆக, கம்பெனி ஆண்ட இந்தியாவில் வழக்குத் தீர்ந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. தீர்ந்த வழக்கை மானிப்பாயில் ஒரு ஆள் மறுபடி எடுத்தார்.

புத்தகம் இல்லாமல் வகுப்பு எப்படி நடக்கும்? முதல் முறை வந்தபோதே அதற்கு விதை போட்டிருந்தார். 1852-இல் கட்டர் எழுதிய உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். அதற்கு இட்ட பெயரை மூச்சுவிடாமல் சொல்ல முடிந்தால் நீங்கள் அந்த வகுப்பில் சேரலாம்: அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். அங்காதிபாதம் என்றால் உறுப்புகளின் அமைப்பு, சுகரணம் அவற்றின் இயக்கம், உற்பாலனம் உடம்பைப் பேணுதல். நாம் இன்று உடற்கூறியல், உடலியங்கியல், சுகாதாரம் என்கிறோம். கிறீனின் சொற்கள் நிலைக்கவில்லை; ஆனால் பாதை அவர் வெட்டியது.

இரண்டாவது புத்தகம் எதுவென்று பாருங்கள். 1857, பிரசவ வைத்தியம். ரண சிகிச்சைக்கும் பொது வைத்தியத்துக்கும் முன்னால் பிரசவம். எந்த ஐரோப்பியக் கல்லூரியிலும் இந்த வரிசை இருந்திருக்காது. மானிப்பாயில் எந்த வீட்டிலிருந்து இரவில் ஆள் வந்து கதவைத் தட்டினார்கள் என்பதை இந்த வரிசையிலிருந்து நான் வாசித்துக்கொள்கிறேன்.

1867-இல் ட்ரூயிட்டின் நூல் இரண வைத்தியம் ஆனது. 1872-இல் இரண்டு மலைகள்: கிரே எழுதிய உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதமாக 838 பக்கத்தில், ஹூப்பரின் நூல் வைத்தியாகரமாக 917 பக்கத்தில். பழைய மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பார். அவர் வாழ்நாளில் முடிந்தவை ஏறத்தாழ 4,500 பக்கம்.

சொல்லுக்கு என்ன செய்தார்? முதலில் தமிழில் தேடு. பழைய வைத்திய நூல்களில் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் வடமொழிக்குப் போ. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. அவருக்குக் கைகொடுக்க வின்சிலோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862-இல்தான் அச்சேறியிருந்தது. வின்சிலோவும் அதே மிஷன்காரர். தேடித் தோற்ற இடத்தில் கிறீன் வெட்கப்படவில்லை. ரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். வேற்று மொழிச் சொல், வால் மட்டும் நம்முடையது. இன்று தூய தமிழ் பேசுகிறவர்களுக்கு உறுத்தும். எனக்கு அந்த வாலில் ஒரு அழகு தெரிகிறது.

* * *

சரி, கோட்டு போடாத வைத்தியன் வேண்டும் என்பதற்காக மட்டுமா இவ்வளவு பாடு?

கடியப்பட்டணத்து ஒரு கிழவி வைத்தியர் முன்னால் உட்கார்ந்து தன் வயிற்றைச் சொல்லட்டும். பொருமல் என்பாள். குத்தல் என்பாள். கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பாள். எல்லாவற்றையும் 'வலி' என்று எழுதிக்கொள்கிற வைத்தியன் பாதி நோயை வாசலிலேயே தொலைத்துவிடுகிறான். ஆங்கிலத்தில் படித்தவனும் தமிழன்தான், கிழவி சொல்வது அவனுக்கும் கேட்கும். ஆனால் அவன் படித்த புத்தகத்துக்கும் அவள் பேச்சுக்கும் நடுவில் பாலம் கிடையாது. அந்தப் பாலத்தை ஒவ்வொரு நோயாளியிடமும் அவனே புதிதாகக் கட்ட வேண்டும். கிறீனின் வகுப்பில் அந்தப் பாலத்தைக் கட்டும் வேலை புத்தகத்துக்குள்ளேயே நடந்தது.

2019-இல் இந்தியா முழுவதற்கும் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் முதல் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி வைத்தார்கள். அதில் அந்தந்த வட்டார மொழியைப் பழகுவதும் சேர்த்தி. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் வெள்ளைக் கோட்டோடு திரிகிற முதலாண்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மானிப்பாய் நினைவு வரும்.

கிறீன் ஆகமொத்தம் 62 வைத்தியர்களைத் தயாரித்தார். அதில் 33 பேர் தமிழில் படித்தவர்கள்.

இந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில வைத்திய நூல் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். 917 பக்கத்தைத் தமிழாக்கி அச்சுக்கோத்து முடிப்பதற்குள் லண்டனில் அடுத்த பதிப்பு வந்துவிடும். தமிழில் படித்தவன் கிறீன் நிறுத்திய இடத்தில் நிற்பான். ஆங்கிலம் தெரிந்தவன் நடந்துகொண்டே இருப்பான். லிஸ்டர் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்துவது பற்றிக் கட்டுரை எழுதியது 1867-இல். இரண வைத்தியம் தமிழில் அச்சான அதே வருஷம்! ரண சிகிச்சையே தலைகீழாகப் புரளத் தொடங்கியபோது தமிழ் நூல் பழைய பாடத்தோடு அச்சகத்திலிருந்து வெளியே வந்தது. இது கிறீனின் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் மொழிபெயர்ப்பது என்றால் இப்படித்தான் ஆகும். ஒரு அரசாங்கமோ ஒரு பல்கலைக்கழகமோ தோள்கொடுத்திருக்க வேண்டிய வேலை அது.

கொடுத்ததோ? 1870-இல் கொழும்பில் மெடிக்கல் ஸ்கூல் திறந்தார்கள். ஆங்கிலத்தில்.

* * *

1873-இல் உடம்பு முடியாமல் கிறீன் மானிப்பாயை விட்டுக் கப்பலேறினார். திரும்ப வரவில்லை.

அதே 1873-இல் நம் கரையில் ஒரு புதிய வைத்தியர் வந்து சேர்ந்தார். தாமஸ் ஸ்மித் தாம்சன். லோ போய் ஐந்து வருஷம் கழித்து நெய்யூருக்குக் கிடைத்த ஆள். அவரும் வந்தவுடன் செய்ய நினைத்தது இன்னொரு வைத்திய வகுப்பு. லோ பயிற்றுவித்தவர்கள் கிளைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முறை பலித்திருக்கிறது என்பதற்கு அவர்களே சாட்சி. புதிய கிளைகளுக்குப் புதிய ஆட்கள் வேண்டும்.

வூஸ்டருக்குப் போன கிறீன் சும்மா இருக்கவில்லை. அங்கே பனிக்காலத்தில் உட்கார்ந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சாப்மனும் சுவாமிநாதனும் உழைத்த கெமிஸ்தம் 1875-இல் அச்சாகி வெளிவந்தது. 516 பக்கம்.

அச்சடித்த இடம் யாழ்ப்பாணமில்லை, சென்னையுமில்லை. நாகர்கோவில், லண்டன் மிஷன் அச்சகம்.

தாம்சனின் வகுப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தூரம். மாட்டு வண்டியில் ஒரு பகல். தாம்சன் சேர்ந்த சங்கத்தின் அச்சகம்தான் அது. மை காயாத தாள்களை அவர் போய்த் தொட்டுப் பார்த்திருக்க முடியும்.

இன்னொரு பிணைப்பும் உண்டு. கிறீன் கடைசியாகக் கையிலெடுத்த நூல்களில் ஒன்று இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றியது. 1884-இல் இந்து பதார்த்த சாரம் என்று தமிழில் வந்தது. மூல நூலைத் தொகுத்த எட்வர்ட் வாரிங், திருவிதாங்கூர் அரண்மனை வைத்தியராக இருந்தவர். நம் அங்காடிக் கடையில் கிடைக்கும் சரக்கைக் கொண்டே எவ்வளவு வைத்தியம் செய்யலாம் என்று எழுதியவர். கிளை வைத்தியசாலையில் மருந்து தீர்ந்து, அடுத்த பெட்டி கப்பலில் வரும்வரை தவிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? திருவிதாங்கூரில் விளைந்த அறிவு லண்டன் போய், வூஸ்டர் போய், தமிழாகத் திரும்பியது.

அந்த நூல் வந்த அதே 1884-இல் கிறீன் இறந்தார். தமிழர்களுக்கான வைத்திய ஊழியர் என்று கல்லறையில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார், அப்படியே எழுதினார்கள். நெய்யூர் வைத்தியர் தாம்சனும் அதே வருஷம் கண்ணை மூடினார்.

ஆனால் அது ஒன்பது வருஷத்துக்குப் பிந்திய கதை. இப்போது நாம் 1875-இல் நிற்கிறோம். தாம்சனின் மேசைமேல் ஒரு பக்கம் அவர் எடின்பரோ வைத்தியத்தில் பழகிய ஆங்கில நூல்கள். மறுபக்கம், பன்னிரண்டு மைலுக்கு அப்பால், நம் ஊர் அச்சில் வார்த்த தமிழ் எழுத்துகள். முன்னால் நெய்யூர்ப் பையன்கள் பாய் விரித்துக் காத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் உத்தியோகமும் அவர்களில் சிலருக்காகக் காத்திருக்கிறது.

அவர் எந்தப் புத்தகத்தைத் திறந்தார்?

(அடுத்த வாரம்)